இருக்கைகளின் நகரம் (வாசகர் கடிதமும் பதிலும்)

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

சென்ற மாதம் அட்லாண்டாவிலிருந்து அலபாமாவின் தலைநகரான மான்ட்கமரிக்கு ஒரு நாள் சென்று வந்தேன். அலுவலகம் முடிந்ததும் ஓய்ந்துவிடும் ஊர். ஜெஃபர்சன் டேவிஸ் தென்மாநிலக் கூட்டமைப்பின் அதிபராகப் பதவியேற்ற இடத்தில், சட்டமன்ற மாளிகையின் வாசலில், ஒரு பித்தளை நட்சத்திரம் பதித்திருக்கிறார்கள். அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் மார்ட்டின் லூதர் கிங் போதகராக இருந்த செங்கல் தேவாலயம் நிற்கிறது. அடிமைமுறையைக் காக்க எழுந்த அரசும் அதன் மிச்சத்தை எதிர்த்த போராட்டமும் ஒரே தெருவில் அமைந்தது தற்செயல்தானே? பேருந்தில் வெள்ளையருக்காக இருக்கையைவிட்டு எழ மறுத்த ரோசா பார்க்ஸ் என்ற களைத்துப்போன தையல் வேலைக்காரர் வேறோர் ஊரில் அப்படிச் செய்திருந்தால் அந்த ஊரல்லவா புகழ்பெற்றிருக்கும்? மறுமுறை போனால் எதைப் பார்க்கலாம்?

ர.

அன்புள்ள ர.,

தற்செயல் என்ற சொல்லை என்னால் ஏற்க முடியவில்லை. நீங்கள் நடந்த டெக்ஸ்டர் தெருவின் பெயரிலிருந்தே தொடங்குகிறேன். வடக்கே வங்கித் தொழிலில் நொடித்துப்போன ஆண்ட்ரூ டெக்ஸ்டர் என்ற வழக்கறிஞர் இங்கே நிலம் வாங்கிக் குடியிருப்பு ஒன்றை அமைத்தார். அது பக்கத்துக் குடியிருப்புடன் இணைந்து 1819இல் மான்ட்கமரி ஆனது. தலைநகரம் ஒருநாள் இங்கே வரும் என்ற நம்பிக்கையில், ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்த ஒரு குன்றை அவர் விற்காமல் ஒதுக்கி வைத்தார். 1846இல் டஸ்கலூசாவிலிருந்து தலைநகரம் வந்தபோது அவர் உயிருடன் இல்லை. ஆனால் மாளிகை அந்தக் குன்றின்மீதுதான் எழுந்தது. அதற்கு ஆட்டுக்குன்று என்ற பெயரும் நிலைத்துவிட்டது. ஏறத்தாழ அரை மைல் நீளமுள்ள அத்தெருவின் மறுமுனையில், இன்று நீரூற்று இருக்கும் நீதிமன்றச் சதுக்கத்தில், பருத்தியோடு மனிதர்களும் ஏலம் விடப்பட்டார்கள். ஆக, ஒரு முனையில் சந்தையும் மறுமுனையில் அந்தச் சந்தைக்குச் சட்டம் எழுதிய மன்றமுமாகத்தான் இந்தத் தெரு வளர்ந்தது. 1861 பிப்ரவரி 18 அன்று டேவிஸ் அங்கே பதவியேற்றதில் வியப்பில்லை, கூட்டமைப்பின் தலைநகரம் மே மாதமே வர்ஜீனியாவின் ரிச்மண்டுக்கு இடம்பெயர்ந்துவிட்டது என்றாலும்.

என் பார்வையில் இந்த ஊரின் குணத்தைச் சொல்வது நட்சத்திரமும் தேவாலயமும் அல்ல, இருக்கைதான். 1886இல் நகர் முழுவதும் மின்சார டிராம்களை ஓடவிட்ட முன்னோடி ஊர் இது. உள்ளூர்க்காரர்கள் அதை மின்னல் தடம் என்று பெருமையோடு அழைத்தார்கள். அதே டிராம்களில் கறுப்பினத்தவரைத் தனியே உட்காரவைக்க 1900இல் நகராட்சி விதி கொண்டுவந்தது. அப்போதே அவர்கள் டிராம்களைப் புறக்கணித்தார்கள். ரோசா பார்க்ஸ் கைதானதும் தொடங்கிய பேருந்துப் புறக்கணிப்புக்கு அரை நூற்றாண்டுக்கு முந்தைய இந்த ஒத்திகையைப் பலர் மறந்துவிட்டார்கள். வேறு இருக்கை காலியாக இல்லாதபோது எவரையும் எழுப்பக் கூடாது என்றுகூட அந்த விதியில் இருந்தது. நடைமுறையில் ஓட்டுநர்கள் அதைப் பொருட்படுத்தவில்லை.

களைத்துப்போன தையல்காரர் என்ற கதையும் பாதிதான் உண்மை. ரோசா பார்க்ஸ் கறுப்பின மக்களின் உரிமைச் சங்கத்தின் உள்ளூர்க் கிளையில் செயலாளராகப் பல ஆண்டுகள் உழைத்தவர். அவர் கைதானது 1955 டிசம்பர் 1 அன்று. அதே ஆண்டு மார்ச்சிலேயே கிளாடெட் கால்வின் என்ற 15 வயது மாணவி இதே குற்றச்சாட்டில் கைதாகியிருந்தாள். அதற்கும் முன்பாக, 1954 மே மாதத்தில், அலபாமா மாநிலக் கல்லூரியின் ஆசிரியை ஜோ ஆன் ராபின்சன், பேருந்துகளைப் புறக்கணிக்க நேரிடும் என்று மேயருக்குக் கடிதமே எழுதிவிட்டார். பார்க்ஸ் கைதான இரவில் கல்லூரியின் நகலச்சு இயந்திரத்தில் பல்லாயிரம் துண்டறிக்கைகளை அச்சடித்ததும் அவர்தான். முதலில் அவர்கள் கேட்டது தனியிருக்கை முறையை ஒழிப்பதைக்கூட அல்ல. கறுப்பினத்தவர் பின்னாலிருந்தும் வெள்ளையர் முன்னாலிருந்தும் வந்த வரிசைப்படி உட்காரட்டும், உட்கார்ந்தவரை எழுப்பாதீர்கள் என்பதே கோரிக்கை. அந்தச் சிறு சலுகையைத் தர மறுத்ததால்தான் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 381 நாள் புறக்கணிப்புக்குப் பின் அந்த முறையே ஒழிந்தது.

புறக்கணிப்பு ஏன் வென்றது? பேருந்துப் பயணிகளில் ஏறத்தாழ முக்கால்வாசிப் பேர் கறுப்பினத்தவர். அவர்களில் பெரும் பகுதியினர் வெள்ளையர் வீடுகளில் சமைக்கவும் பிள்ளை வளர்க்கவும் போன பெண்கள். அவர்கள் நடக்கத் தொடங்கியதும் வீட்டு எஜமானிகளே காரெடுத்துக்கொண்டு போய் அவர்களை அழைத்துவந்தார்கள். இதை நிறுத்துங்கள் என்று மேயர் கேய்ல் வெளிப்படையாக வேண்டினார், எஜமானிகள் கேட்கவில்லை. மேயர் வந்து பாத்திரம் துலக்கப் போவதில்லையே!

பேருந்தில் தோற்ற நகராட்சி பூங்காக்களில் பிடிவாதம் காட்டியது. எல்லோரையும் அனுமதிக்க வேண்டிய நிலை வந்தபோது, 1959இல் நகரின் பூங்காக்கள் அனைத்தையும் மூடிவிட்டது. ஓக் பூங்காவின் நீச்சல் குளம் மண்ணிட்டு நிரப்பப்பட்டது, அங்கிருந்த விலங்குக் காட்சிசாலையின் விலங்குகள் விற்கப்பட்டன. 1965இல் பூங்காக்கள் மீண்டும் திறந்தன, குளம் திரும்பவில்லை. மறுமுறை போகும்போது முதலில் அந்தப் பூங்காவுக்குப் போங்கள்.

பிறகு தலைமை நூலகத்துக்குப் போங்கள். புறக்கணிப்பின் முதல் வாரத்திலேயே ஜூலியட் மார்கன் என்ற வெள்ளையின நூலகர் உள்ளூர் நாளிதழுக்கு ஒரு கடிதம் எழுதி, நடந்து போகும் அந்த மக்களைக் காந்தியின் உப்பு யாத்திரையோடு ஒப்பிட்டார். மிரட்டல்களும் வசைகளும் அவரைத் துரத்தின. 1957இல் அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். நூலகத்தைக் கறுப்பினத்தவருக்கும் திறக்க 1962இல் நீதிமன்றம் ஆணையிட்டபோது, இரு இனத்தவரும் அருகருகே உட்கார்ந்துவிடக் கூடாது என்று சிறிது காலம் நாற்காலிகளையே அகற்றிவிட்டார்கள். படிக்க வந்தவர்கள் நின்றபடி படித்தார்கள். 2005இல் நகரின் தலைமை நூலகத்துக்கு ஜூலியட் மார்கனின் பெயரைச் சூட்டினார்கள்.