ஹெட்போனில் இசை கேட்டால் தம்பிக்குப் படபடப்பு கூடுகிறது

இசையை நிறுத்த வேண்டாம், ஹெட்போனை மட்டும் கழற்றச் சொல்லுங்கள். உங்கள் தம்பியைப் போல் பிடிஎஸ்டி (பெரும் அதிர்ச்சிக்குப் பின் தொடரும் மனநலப் பாதிப்பு) உள்ளவரின் மூளை எந்நேரமும் காவலில் நிற்கும். காதை அடைத்துவிட்டால் பின்னால் யார் வருகிறார்கள் என்றே தெரியாது. மென்மையான இசையிலும் நெஞ்சு அடித்துக்கொள்வதற்கு அது காரணமாக இருக்கலாம்.

சின்ன ஸ்பீக்கரில் குறைந்த சத்தத்தில் வைத்துப் பாருங்கள். அவர் கதவைப் பார்த்து உட்காரட்டும். பாட்டைத் தேர்வதும் நிறுத்துவதும் அவர் கையிலேயே இருக்கட்டும். (நாமாகத் தேடிக் கொடுக்கும் ‘அமைதி இசை’ பல நேரம் எடுபடாது.) அப்போதும் படபடத்தால், அந்தப் பாட்டோடு பழைய நினைவு ஏதாவது ஒட்டியிருக்கலாம்; வேறு பாட்டுக்கு மாறுங்கள்.

ஆனால் இது இசை சிகிச்சை ஆகாது. அதைப் பயிற்சி பெற்றவர்தான் செய்ய வேண்டும், அதுவும் மனநல சிகிச்சைக்குத் துணையாக. பழைய சம்பவம் கண்முன் நடப்பதுபோல் அவருக்கு ஆகிவிட்டால் உடனே இசையை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் சொல்லுங்கள்.