முதுகுத் தண்டு நீர் ரிப்போர்ட் வர மூன்று நாளா?

கேள்வி: "தங்கை மகனுக்கு மூளைக்காய்ச்சல் என்று சந்தேகப்பட்டு முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்தார்கள். ரிப்போர்ட்டுக்கு மூன்று நாள் ஆகுமாம். அதுவரை ஒன்றுமே தெரியாதா?"

தெரியும். மூன்று நாள் என்பது கல்ச்சருக்கு, அதாவது கிருமியை வளர்த்துப் பார்ப்பதற்கு. முதல் தகவல் ஒரு மணி நேரத்தில் வந்துவிடும். ஆஸ்பத்திரி லேபில் எனக்கு இதுதான் வேலை.

ட்யூப் வந்ததும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பேன். நல்ல நீர் குடிதண்ணீர் மாதிரி இருக்கும். அரிசி களைந்த தண்ணீர் மாதிரி கலங்கியிருந்தால் வயிற்றைப் பிசையும். அடுத்து வெள்ளணு எண்ணிக்கை, சர்க்கரை, புரதம். பாக்டீரியா என்றால் பெரும்பாலும் நியூட்ரோஃபில் என்ற வகை வெள்ளணு ஏறியிருக்கும், சர்க்கரை ரத்தத்தில் இருப்பதில் பாதிகூட இருக்காது. அதனால்தான் கையிலும் ரத்தம் எடுக்கிறார்கள்.

பிறகு கிராம் ஸ்டெய்ன், அதாவது சாயம் ஏற்றிக் கிருமியைப் பார்ப்பது. 1884இல் வந்த முறை, இன்றும் இதை அடிக்க ஆளில்லை. நீரைச் சுழற்றி, அடியில் தங்குவதை ஸ்லைடில் தடவி, ஊதாச் சாயம், அயோடின், ஆல்கஹால், சிவப்புச் சாயம் என்று வரிசையாக ஊற்றிக் கழுவினால் அரை மணிக்குள் மைக்ராஸ்கோப்பில் வைத்துவிடலாம். ஊதா நிறத்தில் வேல்முனை போல இரண்டிரண்டாக நின்றால் நியூமோகாக்கஸ் என்ற பாக்டீரியா. நியூட்ரோஃபிலுக்குள்ளேயே சிவப்பாக, காப்பிக்கொட்டை ஜோடி போல இருந்தால் மெனிங்கோகாக்கஸ் என்ற பாக்டீரியா. வார்டுக்கு உடனே போன் போகும்.

ஆனால் ஸ்லைடில் ஒன்றும் தெரியவில்லை என்றால் நோய் இல்லை என்று அர்த்தமில்லை. முன்பே ஆன்டிபயாடிக் போட்டிருந்தால் கிருமி கண்ணில் படுவது குறைந்துவிடும். அங்கேதான் மரபணுவைத் தேடும் பிசிஆர் டெஸ்ட் கைகொடுக்கும். செத்த கிருமியின் மரபணுவையும் அது பிடித்துவிடும். ஒரே கார்ட்ரிட்ஜில் 14 கிருமிகளைத் தேடி, ஒரு மணி நேரத்தில் சொல்லும் மெஷினும் இருக்கிறது. விலைதான் இடிக்கும். எந்த மருந்துக்குக் கிருமி மடியும் என்பதைக் கல்ச்சர்தான் முழுதாகச் சொல்லும். ஆகவே அந்த மூன்று நாளும் வீணில்லை.

என்னைக் கேட்டால், நேரம் போவது டெஸ்டில் இல்லை, வழியில். ஒரு நைட் ட்யூட்டியில் வந்த ட்யூப் கையில் சில்லென்று இருந்தது. மற்ற சாம்பிளோடு சேர்த்து ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டார்கள். குளிர் பட்டால் மெனிங்கோகாக்கஸ் செத்துப்போகும், கல்ச்சரில் வளராது. வெளியே வைத்தாலும் நியூட்ரோஃபில்கள் மணிக்கணக்கில் உடைந்துகொண்டே இருக்கும். அன்றைக்குக் கல்ச்சரில் எதுவும் முளைக்கவில்லை.

சந்தேகம் பலமாக இருந்தால் டாக்டர் ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்காமல் மருந்தைத் தொடங்கிவிடுவார், பதறாதீர்கள். ட்யூப் லேபுக்குப் போய்விட்டதா என்று மட்டும் சிஸ்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.