ஒரே வாக்குகள், மூன்று வெற்றியாளர்கள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: நான் உறுப்பினராக உள்ள சங்கத்தில் தலைவர் பதவிக்கு மூவர் போட்டியிட்டனர். அதிக வாக்கு பெற்றவர் வென்றார். கடைசி இடம் பெற்றவரோ, வென்றவரோடு நேருக்கு நேர் நின்றிருந்தால் தாமே வென்றிருப்பேன் என்கிறார். இது தோற்றவரின் புலம்பல்தானா?

பதில்: புலம்பலாக இருக்கலாம், ஆனால் கணக்கில் அதற்குத் தாராளமாக இடம் உண்டு. க, ச, த என்று மூன்று வேட்பாளர்கள், 21 வாக்காளர்கள் என்று வைத்துக்கொள்வோம். 8 பேரின் விருப்ப வரிசை க, த, ச. 7 பேருக்கு ச, த, க. மீதி 6 பேருக்கு த, ச, க. முதல் விருப்பத்தை மட்டும் எண்ணினால் க 8 வாக்குகளோடு வெல்கிறார். த 6 வாக்குகளோடு கடைசியில் நிற்கிறார்.

இப்போது முறையை மட்டும் மாற்றுவோம். கடைசி இடத்தில் உள்ளவரை நீக்கிவிட்டு மீதி இருவருக்கும் இரண்டாம் சுற்று நடத்தினால், த-வின் ஆதரவாளர்கள் 6 பேரும் ச-வுக்குப் போகிறார்கள். ச 13க்கு 8 என்று வெல்கிறார். முதல் விருப்பத்துக்கு 2, இரண்டாவதற்கு 1, மூன்றாவதற்கு 0 என்று மதிப்பெண் கொடுத்தாலோ க-வுக்கு 16, ச-வுக்கு 20, த-வுக்கு 27 கிடைத்து, த வெல்கிறார். இந்த மதிப்பெண் முறை, பிரெஞ்சுக் கடற்படை அதிகாரியும் கணிதவியலாளருமான போர்தா 1770ஆம் ஆண்டில் முன்வைத்தது. வாக்காளர் எவரும் மனம் மாறவில்லை, ஒரு வாக்குகூடச் செல்லாததாகவில்லை. ஆனாலும் மூன்று முறைகளுக்கு மூன்று வெற்றியாளர்கள்.

நேருக்கு நேர் ஒப்பிட்டால் த, க-வை 13க்கு 8 என்றும் ச-வை 14க்கு 7 என்றும் தோற்கடிக்கிறார். உங்கள் சங்கத்தில் கடைசி இடம் பெற்றவர் சொல்வது இதைத்தான். இவ்வாறு மற்ற ஒவ்வொருவரையும் தனித்தனியே வெல்லக்கூடியவரைக் கோந்தர்சே வெற்றியாளர் என்பார்கள். 1785ஆம் ஆண்டில் இதை ஆராய்ந்து நூல் வெளியிட்ட, பிரெஞ்சுக் கணிதவியலாளரான அதே கோந்தர்சே, அப்படி ஒருவர் இல்லாமலே போகலாம் என்பதையும் கண்டார். மூன்று வாக்காளர்களின் வரிசைகள் முறையே க-ச-த, ச-த-க, த-க-ச என்றிருந்தால், க ச-வை வெல்கிறார், ச த-வை வெல்கிறார், த க-வை வெல்கிறார்; ஒவ்வொன்றும் 2க்கு 1. தனி ஆள் எவரிடமும் குழப்பமில்லை. பெரும்பான்மையின் விருப்பம் மட்டும் தன் வாலைத் தானே கவ்விய பாம்பாகச் சுற்றுகிறது.

கேள்வி: அப்படியானால் குறையே இல்லாத தேர்தல் முறை கிடையாதா? மக்களாட்சி சாத்தியமில்லை என்று ஆரோவின் தேற்றம் நிரூபித்துவிட்டதாகப் படித்தேன்.

பதில்: அந்தத் தேற்றம் அப்படிச் சொல்லவில்லை. பொருளியலாளர் கென்னத் ஆரோ 1951இல் வெளியிட்டது இதுதான். மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட தெரிவுகள் இருக்கின்றன. வாக்காளர்கள் தங்களுக்குப் பிடித்த எந்த வரிசையையும் தரலாம். அவற்றைச் சேர்த்துச் சமூகத்துக்கென ஒரே வரிசை உருவாக்க வேண்டும். அந்த விதி இரண்டு நிபந்தனைகளுக்கு உட்பட வேண்டும்: எல்லோரும் க-வை ச-வுக்கு மேலே வைத்தால் முடிவிலும் க மேலேதான் இருக்க வேண்டும்; இரண்டாவதாக, க-வா ச-வா என்ற முடிவு, அவ்விருவரையும் வாக்காளர்கள் எப்படி வரிசைப்படுத்தினார்கள் என்பதை மட்டுமே பொறுத்திருக்க வேண்டும், மூன்றாமவர் எந்த இடத்தில் இருக்கிறார் என்பது அதைத் தொடக்கூடாது. இவற்றை எப்போதும் நிறைவேற்றும் விதி ஒன்றே ஒன்றுதான்: ஒரு குறிப்பிட்ட வாக்காளரின் வரிசையை அப்படியே எடுத்து எல்லோர் தலையிலும் கட்டுவது.

என் கருத்தில் இரண்டாவது நிபந்தனைதான் மிகக் கடுமையானது. போர்தாவின் முறை அதை மீறுகிறது என்பதற்காக அதைக் குப்பையில் போட வேண்டியதில்லை. தெரிவுகள் இரண்டே என்றால் சிக்கலே இல்லை. எளிய பெரும்பான்மை எல்லாவற்றையும் நிறைவேற்றிவிடும்.

நடைமுறையில் இதைவிடக் கூர்மையாக உறுத்துவது, 1970களில் கிப்பர்டும் சாட்டர்த்வைட்டும் தனித்தனியே நிறுவிய முடிவு: மூன்று பேரில் எவரும் வெல்லக்கூடிய, ஒரே ஒருவரின் விருப்பப்படி மட்டும் நடக்காத எந்த முறையிலும், பொய்யாக வாக்களித்து லாபம் பெறும் சூழல் எங்கோ ஒன்று இருந்தே தீரும். மேலே பார்த்த இரண்டு சுற்றுத் தேர்தலையே எடுத்துக்கொள்ளுங்கள். க-வின் ஆதரவாளர்கள் 8 பேருக்கும் ச-தான் அறவே பிடிக்காதவர், அவரே வெல்கிறார். அவர்களில் இருவர் மட்டும் மனமறிந்து த-வை முதலிடத்தில் எழுதினால், முதல் சுற்றில் க 6, ச 7, த 8. க நீக்கப்படுகிறார், இரண்டாம் சுற்றில் த 14க்கு 7 என்று ச-வை வெல்கிறார். தம் தலைவரைக் கைவிட்டதால் அவர்களுக்கு வேண்டாதவர் ஒழிந்தார்.

கேள்வி: வாக்குகளில் மட்டும்தானா இத்தகைய முரண்கள்? இடப் பங்கீட்டிலும் உண்டா?

பதில்: உண்டு. அமெரிக்காவின் 1880 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குப் பின், பிரதிநிதிகள் அவையில் 299 இடங்கள் என்றால் அலபாமா மாநிலத்துக்கு 8 இடம், 300 என்றால் 7 இடம் என்று கணக்கு வந்தது. மொத்தம் கூடுகிறது, பங்கு குறைகிறது! ஒவ்வொரு மாநிலத்துக்கும் அதன் பங்கின் முழு எண்ணைக் கொடுத்துவிட்டு, மிச்சமுள்ள இடங்களைப் பெரிய பின்னம் உள்ளவர்களுக்குத் தரும் முறையின் விளைவு அது. மொத்தம் கூடும்போது பெரிய மாநிலங்களின் பின்னம் விரைவாக வளர்ந்து, சிறிய மாநிலத்தின் பின்னத்தைத் தாண்டிவிடுகிறது.

கேள்வி: இருவர் என்றால் ஒருவர் வெட்ட மற்றவர் தேர்ந்தெடுக்கலாம். மூன்று பேருக்கு ஒரு நிலத்தை, எவருக்கும் மனக்குறை இல்லாமல் பிரிக்க வழி உண்டா?

பதில்: உண்டு. செல்ஃப்ரிட்ஜ், கான்வே என்ற கணிதவியலாளர்கள் இருவர் தனித்தனியே கண்டறிந்த முறை இது. ஒருவருக்குச் சாலையோரம் பெரிது, இன்னொருவருக்கு நீர் வளம் பெரிது. எனவே ‘சமம்’ என்பதை அவரவர் மதிப்பீட்டில்தான் பார்க்க வேண்டும்.

முதலாமவர் தம் கணக்கில் சமமான மூன்று துண்டுகளாகப் பிரிக்கிறார். இரண்டாமவர், தமக்கு மிகப் பெரிதாகப்படும் துண்டின் ஓரத்தைக் கழித்து, அடுத்த பெரிய துண்டுக்குச் சமமாக்குகிறார். கழித்த பகுதி தனியே ஒதுக்கி வைக்கப்படுகிறது. முதலில் எடுப்பவர் மூன்றாமவர். அடுத்து இரண்டாமவர், கழித்த துண்டு இன்னும் இருந்தால் அதைத்தான் அவர் எடுக்க வேண்டும். எஞ்சியது முதலாமவருக்கு, அது கழிக்கப்படாத துண்டாகவே இருக்கும். இதுவரை யாருக்கும் பிறர் பங்கின் மீது பொறாமை வர வழியில்லை.

ஒதுக்கிய பகுதிதான் முறையின் அழகு. இரண்டாமவர், மூன்றாமவர் ஆகியோரில் கழித்த துண்டைப் பெறாதவர் அதை மூன்றாகப் பிரிக்கிறார். கழித்த துண்டைப் பெற்றவர் முதலில் எடுக்க, அடுத்து முதலாமவர் எடுக்க, கடைசியில் பிரித்தவர் எடுக்கிறார். தமக்கு முன்னால் ஒருவர் எடுக்கிறாரே என்று முதலாமவர் ஏன் வருந்துவதில்லை? அந்த ஒருவர் ஒதுக்கிய பகுதி முழுவதையும் அள்ளிக்கொண்டாலும், அவருடைய துண்டு பழைய அளவை மட்டுமே அடையும்; முதலாமவரின் கணக்கில் அது அவருடைய சொந்தத் துண்டுக்குச் சமம்தான். ஆக மொத்தம் அதிகபட்சம் 5 வெட்டுகள். எத்தனை பேரானாலும் பொருந்தும், படிகளின் எண்ணிக்கைக்கு முன்கூட்டியே வரம்பு சொல்லக்கூடிய முறை 2016இல்தான் கிடைத்தது. அந்த வரம்போ நால்வருக்கே எழுதி முடிக்க இயலாத பேரெண்.

கேள்வி: பாடத்திட்டத்தில் வாக்களிப்பையும் கோட்டுருவியலையும் (புள்ளிகளையும் அவற்றை இணைக்கும் கோடுகளையும் ஆராயும் கணிதம்) ஒரே தாளில் வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு பாலத்தையும் ஒரே ஒரு முறை கடக்கும் புதிருக்கும் தேர்தலுக்கும் என்ன உறவு?

பதில்: கோனிக்ஸ்பர்க் நகரின் 7 பாலங்களை 1736இல் ஆய்லர் ஆராய்ந்தபோது, தூரத்தையும் வடிவத்தையும் விட்டுவிட்டு, எது எதோடு இணைந்திருக்கிறது என்பதை மட்டும் பார்த்தார். தேர்தலையும் அப்படியே பார்க்கலாம். வேட்பாளர்களைப் புள்ளிகளாக்கி, வென்றவரிடமிருந்து தோற்றவருக்கு அம்புக்குறி இடுங்கள். 21 பேர் தேர்தலில் த-விலிருந்து இரண்டு அம்புகள் புறப்படும், ச-விலிருந்து க-வுக்கு ஒன்று. மூன்று பேர் எடுத்துக்காட்டில் அம்புகள் வட்டமாகும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது 1953இல் மெக்கார்வி நிறுவிய முடிவு. நீங்கள் எந்த அம்புப் படத்தை வரைந்தாலும், எத்தனை வட்டங்களோடு வரைந்தாலும், அதை அப்படியே விளைவிக்கும் வாக்காளர் கூட்டம் ஒன்று உண்டு. க-விலிருந்து ச-வுக்கு அம்பு வேண்டுமானால் இரண்டு வாக்காளர்களைச் சேர்க்கிறோம்: ஒருவர் க, ச என்று தொடங்கி மற்றவர்களை ஏதோ ஒரு வரிசையில் எழுதுகிறார், இன்னொருவர் மற்றவர்களை அதன் தலைகீழ் வரிசையில் எழுதிவிட்டு, இறுதியில் க, ச என்று முடிக்கிறார். மற்ற எல்லா இணைகளிலும் இவ்விருவரும் ஒருவரை ஒருவர் ரத்து செய்துவிடுகிறார்கள். க மட்டும் ச-வைவிட 2 வாக்கு முன்னால் நிற்கிறார். நான்கு வேட்பாளர்களிடையே 6 இணைகள் இருப்பதால், நீங்கள் கேட்கும் எந்தக் குழப்பத்தையும் உண்டாக்க 12 வாக்காளர்கள் போதும்.