மூன்று சிவப்பு விளக்கும் 100 கோடி டாலரும்: கன்சோல் பழுது, வாரண்டி பற்றிக் கேள்வி பதில்

கேம் கன்சோல் பழுது பார்ப்பதுதான் என் தொழில். மேசைக்கு வரும் மெஷினைப் பார்க்கும்போதெல்லாம், இதை விற்ற நிறுவனம் இந்தப் பழுதை எப்படி எதிர்கொண்டது என்றும் யோசிப்பேன். பழுதும் வாரண்டியும் விற்பனையை எப்படிப் பாதிக்கின்றன என்று இந்த வாரம் நிறைய பேர் கேட்டிருந்தார்கள். பாதிக் கேள்விகள் மைக்ரோசாஃப்ட் விற்ற எக்ஸ்பாக்ஸ் 360 கன்சோல் பற்றியவை. அது நியாயம்தான், அதைவிடப் பெரிய உதாரணம் இந்தத் துறையில் கிடையாது.

கேள்வி: அண்ணா, நான் 2006-இல் பிறந்தவன். 'ரெட் ரிங்' என்று எல்லோரும் சொல்கிறார்களே, அப்படி என்னதான் ஆனது?

எக்ஸ்பாக்ஸ் 360 அமெரிக்காவில் 2005 நவம்பர் 22 அன்று விற்பனைக்கு வந்தது, தம்பி. பவர் பட்டனைச் சுற்றி நான்கு துண்டாகப் பிரிந்த ஒரு விளக்கு வளையம் இருக்கும். நன்றாக ஓடும்போது பச்சை. அதில் மூன்று துண்டு மட்டும் சிவப்பாக மின்னினால் உள்ளே வன்பொருள் செத்துவிட்டது என்று பொருள். அதைத்தான் 'ரெட் ரிங்' என்கிறார்கள்.

என்ன பழுது என்று அந்த மெஷினே சொல்லும். கன்ட்ரோலரை இணைக்கும் 'சிங்க்' (sync) பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டு, டிஸ்க் வெளியே வரும் பட்டனை நான்கு முறை தட்ட வேண்டும். ஒவ்வொரு தட்டுக்கும் எத்தனை விளக்கு மின்னுகிறது என்று எண்ணினால் நான்கு இலக்க எண் கிடைக்கும். நான்கும் மின்னினால் பூஜ்யம், ஒன்று மின்னினால் ஒன்று. '0102' வந்தால் பெரும்பாலும் சிப்புக்கு அடியில் இருக்கும் சால்டர், அதாவது சிப்பைப் பலகையோடு இணைக்கும் உலோகப் பற்று, விட்டுப்போன கேஸ்.

கேள்வி: சூடுதான் காரணமா? சூடாகாத மெஷின் எது சார்?

சூடாவது மட்டும் காரணமில்லை. சூடாகி, ஆறி, மறுபடி சூடாவதுதான் காரணம். ஒவ்வொரு முறை ஆன் செய்து ஆஃப் செய்யும்போதும் சிப் ஒரு அளவுக்கும் அதன் கீழே இருக்கும் பலகை வேறு அளவுக்கும் விரிந்து சுருங்கும். நடுவில் மாட்டிக்கொள்வது கடுகைவிடச் சின்ன சால்டர் புள்ளிகள். கம்பியை இப்படியும் அப்படியும் மடக்கிக்கொண்டே இருந்தால் ஒருநாள் ஒடியும் அல்லவா, அதே கதை. 2021-இல் எக்ஸ்பாக்ஸ் வரலாறு பற்றி வந்த ஆவணப்படத்தில், அதை உருவாக்கியவர்களே ஆன்-ஆஃப் வெப்ப மாற்றத்தில் உள் இணைப்புகள் விட்டுப்போனதைத்தான் காரணமாகச் சொன்னார்கள்.

அதோடு ஐரோப்பாவில் 2006 ஜூலை முதல் மின்னணுப் பொருட்களில் ஈயத்துக்குக் கட்டுப்பாடு வந்தது. உலகமே ஈயம் கலக்காத சால்டருக்கு மாறிக்கொண்டிருந்த நேரம், அனுபவம் குறைவு. இன்னொன்று, முதல் பேட்ச் மெஷினைத் திறந்தால் கிராஃபிக்ஸ் சிப்பின் சூட்டை இழுத்து வெளியேற்றும் உலோகத் துண்டான ஹீட் சிங்க் தட்டையாக, குள்ளமாக இருக்கும். மேலே டிவிடி டிரைவ் உட்கார்ந்திருப்பதால் அதற்கு உயர இடமில்லை. பின்னால் வந்த மாடல்களில் ஒரு செம்புக் குழாய் போட்டு, சூட்டை ஓரமாக இழுத்து இன்னொரு சின்ன ஹீட் சிங்குக்குக் கொண்டுபோனார்கள். இட நெருக்கடி எவ்வளவு என்பது அந்தக் குழாயைப் பார்த்தாலே புரியும்.

கேள்வி: 2007-இல் வாரண்டியை மூன்று வருடமாக நீட்டினார்களே. எந்த நிறுவனமாவது தானாக முன்வந்து 100 கோடி டாலரை விடுமா? வழக்குக்குப் பயந்துதானே?

வழக்கு பயமும் இருந்திருக்கும். ஆனால் அது மட்டுமே காரணம் என்று நான் நினைக்கவில்லை. அதற்கு முந்தைய மாதங்களைப் பாருங்கள். பழுது விகிதம் 3 முதல் 5 சதவீதம், இது வழக்கமான அளவுதான் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அமெரிக்காவில் வாரண்டி முதலில் 90 நாள்தான், 2006 கடைசியில் அதை ஒரு வருடமாக்கினார்கள். அதைத் தாண்டிப் பழுதானால் கைக்காசு போட்டுச் சரிசெய்ய வேண்டும். வாங்கியவர்களுக்கு எரிச்சல் வந்தது. வாங்க நினைத்தவர்கள் காத்திருக்க ஆரம்பித்தார்கள். என் பார்வையில், காத்திருக்கும் அந்த ஆள்தான் நிறுவனத்துக்குப் பெரிய ஆபத்து. அவன் புகார் கொடுக்க மாட்டான், வழக்குப் போட மாட்டான். கடைக்கு வரமாட்டான், அவ்வளவுதான். 2007 ஜூன் இறுதிக்குள் 1 கோடியே 20 லட்சம் மெஷின்களைக் கடைகளுக்கு அனுப்புவது இலக்கு. 1 கோடியே 16 லட்சம்தான் போனது.

2007 ஜூலை 5 அன்று அறிவிப்பு வந்தது. மூன்று சிவப்பு விளக்குப் பழுதுக்கு, வாங்கிய நாளிலிருந்து மூன்று வருட வாரண்டி. ஏற்கெனவே காசு கொடுத்துச் சரிசெய்தவர்களுக்கும் பணம் திரும்பும். இதற்காக 105 முதல் 115 கோடி டாலர் வரை கணக்கில் ஒதுக்கினார்கள். அப்போது எக்ஸ்பாக்ஸ் பொறுப்பில் இருந்த பீட்டர் மூர் பின்னாளில் ஒரு பேட்டியில் இதை விவரித்தார். அதில் சுமார் 24 கோடி டாலர் கூரியர் செலவு மட்டுமே. ஏனென்றால் வாடிக்கையாளர் வீட்டுக்குக் காலிப் பெட்டி அனுப்பி, மெஷினை அதில் வாங்கி, சரிசெய்து, மறுபடி கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். மைக்ரோசாஃப்ட்டின் அப்போதைய தலைமைச் செயல் அதிகாரி ஸ்டீவ் பால்மரிடம் தொகையைச் சொன்னதும், செய்யுங்கள் என்று உடனே சம்மதித்ததாக மூர் சொன்னார். அந்தக் காலிப் பெட்டியை வாடிக்கையாளர்கள் 'சவப்பெட்டி' என்று அழைத்ததும் உண்மை.

கேள்வி: சரி, வாரண்டி நீட்டியதும் விற்பனை ஏறியதா?

ஏறியது. ஆனால் வாரண்டியால் மட்டும் என்று எழுதினால் உங்களை ஏமாற்றுவதாகும். ஆகஸ்டில் முக்கிய மாடலின் விலையை 50 டாலர் குறைத்தார்கள். செப்டம்பர் 25 அன்று 360-க்கான 'ஹேலோ 3' கேம் வந்தது, அமெரிக்காவில் முதல் நாளே 17 கோடி டாலர் வசூல். அந்த மாதம் அங்கே போட்டிக் கன்சோலான நிண்டெண்டோ வீயைவிட 360 அதிகம் விற்றது. மூன்றும் மூன்று மாதத்துக்குள் நடந்ததால் எது எவ்வளவு என்று பிரிக்க முடியாது.

நான் புரிந்துகொண்டது இது. மெஷினை வாங்க வைப்பது வாரண்டி இல்லை, கேம்தான். வாங்காமல் இருப்பதற்கான காரணத்தை எடுத்துப்போடுவது வாரண்டியின் வேலை. ஜூலையில் அந்த அறிவிப்பு வராமல் போயிருந்தால், செப்டம்பரில் ஹேலோவுக்காகப் பணத்தை எடுத்து வைத்திருந்தவர் கடை வாசலில் நின்று ஒருமுறைக்கு இரண்டுமுறை யோசித்திருப்பார்.

கேள்வி: நாலில் ஒன்று பழுதானது என்கிறார்கள். அப்படியென்றால் 8 கோடிக்கும் மேல் விற்றது எப்படி?

ஸ்கொயர்டிரேட் என்ற வாரண்டி விற்கும் நிறுவனம் 2009-இல் வெளியிட்ட கணக்கு அது. இரண்டு வருடத்துக்குள் 360-இல் 23.7 சதவீதம், சோனியின் பிளேஸ்டேஷன் 3-இல் 10 சதவீதம், வீயில் 2.7 சதவீதம் பழுது. அவர்களிடம் கூடுதல் வாரண்டி வாங்கியவர்களின் மெஷின்களை வைத்துப் போட்டது, சுமார் 16,000 மெஷின். அதனால் அதை அப்படியே மொத்த உலகத்துக்கும் பொருத்த வேண்டாம். ஆனால் மூன்றுக்கும் நடுவில் இருந்த இடைவெளி உண்மை.

விற்பனை 2014 வாக்கில் 8 கோடியே 40 லட்சம் ஆனது. இதில் யாரும் கவனிக்காத விஷயம் ஒன்று இருக்கிறது. வாரண்டியில் மாற்றிக் கொடுத்த மெஷின் விற்பனைக் கணக்கில் வராது. வாரண்டி முடிந்தபின் செத்துப்போய், வாடிக்கையாளர் புதிதாக ஒன்று வாங்கினால், அது விற்பனையில் இன்னொன்று. அவர் ஏற்கெனவே இருபது கேம் வாங்கி வைத்திருக்கிறார், நண்பர்கள் எல்லோரும் அந்த ஆன்லைன் சேவையில் இருக்கிறார்கள். பிளேஸ்டேஷனுக்கு மாறினால் அத்தனையும் போய்விடும். வேறு வழியில்லாமல் திரும்ப வாங்கினார். எனவே மொத்த விற்பனை எண்ணை வைத்துப் பழுது பாதிக்கவில்லை என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். அந்த எண்ணுக்குள் பழுதும் சேர்ந்தே இருக்கிறது.

கேள்வி: கன்சோலைத் துண்டில் சுற்றி ஓடவிட்டால் சரியாகும் என்று வீடியோவில் பார்த்தேன். என்னிடம் பழைய 360 இருக்கிறது.

தயவுசெய்து செய்யாதீர்கள். சூட்டில் இணைப்பு கொஞ்சம் தொட்டுக்கொண்டு சில நாள் ஓடும், அப்புறம் முன்னைவிட மோசமாகும். தீப்பிடிக்கவும் வாய்ப்பு உண்டு.

கேள்வி: பிஎஸ் 3-இலும் (பிளேஸ்டேஷன் 3) பழுதைக் காட்டும் மஞ்சள் விளக்கு வந்ததே. சோனி மட்டும் ஏன் தப்பித்தது?

2009-இல் பிபிசியின் 'வாட்ச்டாக்' என்ற நுகர்வோர் நிகழ்ச்சியில் அது பெரிய விவாதமானது. பிரிட்டனில் விற்றதில் அரை சதவீதம்தான் என்று சோனி சொன்னது. விகிதம் குறைவு என்பது ஒரு காரணம். இன்னொன்று, முதல் வருடத்தில் பிஎஸ் 3-ஐத் தடுத்தது அதன் விலை, பழுது அல்ல. அமெரிக்காவில் 499, 599 டாலர்.

கேள்வி: நிண்டெண்டோ ஸ்விட்ச் கன்சோலின் ஜாய்கான் கன்ட்ரோலரில், ஸ்டிக்கைத் தொடாமலே ஆட்டம் தானாக நகர்கிறது. இத்தனை புகாருக்குப் பிறகும் 15 கோடிக்கு மேல் விற்றதே, அப்படியானால் பழுது ஒரு பொருட்டே இல்லையா?

பொருட்டுதான். ஆனால் எங்கே பழுது என்பது முக்கியம். ஸ்டிக்குக்கு அடியில் கரிப்பூச்சு பூசிய ஒரு சின்னத் தடம் இருக்கிறது. அதன்மேல் உலோக நுனி உரசி உரசித் தேயும். தேய்ந்த இடத்தில், கை வைக்காதபோதும் கை வைத்ததுபோல் மெஷின் நினைத்துக்கொள்ளும். எரிச்சலான பழுது, ஆனால் கன்சோல் உயிரோடு இருக்கிறது, வேறு கன்ட்ரோலர் போட்டு ஆடலாம். 360-இல் அப்படி இல்லை, மொத்தமும் போய்விட்டது.

அதற்காக நிண்டெண்டோ செய்தது சரி என்று சொல்ல மாட்டேன். 2017-இல் வந்த மெஷின். 2019 ஜூலையில் அமெரிக்காவில் வழக்கு வந்த பிறகுதான் அங்கே காசில்லாமல் சரிசெய்யத் தொடங்கினார்கள். 2020-இல் தலைவர் ஃபுருகாவா வருத்தம் தெரிவித்தார். ஐரோப்பாவில் நுகர்வோர் அமைப்புகள் சுமார் 25,000 புகார்களைச் சேர்த்துப் போராடிய பிறகு, 2023-இல்தான் வாரண்டி முடிந்தாலும் இலவசம் என்ற உறுதி கிடைத்தது. இதே நிண்டெண்டோ 1983-இல் ஜப்பானில் ஃபேமிகாம் என்ற கன்சோலை வெளியிட்டபோது, சிப் கோளாறால் கேம் உறைந்து நின்றது தெரிந்ததும், அப்போதைய தலைவர் யமௌச்சி எல்லாவற்றையும் திரும்பப் பெற்று போர்டை மாற்றிக் கொடுக்கச் சொன்னார். புத்தாண்டு வியாபாரம் போனாலும் பரவாயில்லை என்ற முடிவு. அடுத்த ஆண்டே அது அங்கே அதிகம் விற்ற கன்சோல் ஆனது. அந்த நிண்டெண்டோவை எனக்குப் பிடிக்கும்.

கேள்வி: மாமா துபாயிலிருந்து கன்சோல் வாங்கி வருகிறார். இங்கே வாரண்டி கிடைக்குமா?

பொதுவாகக் கிடைக்காது. வாரண்டி பெரும்பாலும் விற்ற நாட்டோடு கட்டுப்பட்டது. வாங்கும் முன் அட்டைப்பெட்டிக்குள் இருக்கும் வாரண்டித் தாளை மாமாவைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். விலையில் மிச்சமாகும் பணம் ஒரு மதர்போர்டு விலைக்கு ஈடாகுமா என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

கேள்வி: மெஷினைத் திறந்தால் கிழியும் சீல் ஸ்டிக்கர் கிழிந்திருப்பதால் வாரண்டி இல்லை என்று சர்வீஸ் சென்டரில் சொல்லிவிட்டார்கள். நான் திறக்கவே இல்லை.

அமெரிக்காவில் 2018-இல் மூன்று கன்சோல் நிறுவனங்கள் உட்பட ஆறு நிறுவனங்களுக்கு, ஸ்டிக்கரைக் காரணம் காட்டி வாரண்டியை மறுப்பது சட்டத்துக்கு ஒவ்வாது என்று அரசின் வணிக ஆணையம் எச்சரித்தது. அது அங்குள்ள சட்டம், இங்கே அதைக் காட்டிப் பயனில்லை. ஆனால் நீங்கள் வெறுங்கையோடு இல்லை. மறுப்பை எழுத்தில் கேளுங்கள், பில்லின் நகலை வையுங்கள், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்யுங்கள். அடுத்த முறை எந்த மெஷினைக் கொடுத்தாலும், கவுன்டரில் வைக்கும் முன் அந்த ஸ்டிக்கரைத் தேதி தெரியும்படி ஒரு படம் எடுத்துவிடுங்கள்.