மெதுவான நெட்டில் லேக்கைக் குறைப்பது: கேள்வி பதில்

வீடுகளுக்கும் கடைகளுக்கும் நெட்வொர்க் அமைத்துக் கொடுப்பது என் தொழில். ராத்திரி நானும் ஆன்லைன் கேம் ஆடுகிறவன். பிளானை மாற்றாமல் லேக்கை, அதாவது ஆட்டத்தில் வரும் தாமதத்தைக் குறைக்க வழி கேட்டு வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன். பிங் என்பது சர்வருக்குப் போய்த் திரும்ப ஆகும் நேரம், மில்லிசெகண்டில்.

தேனியிலிருந்து ஒரு பிளஸ் டூ மாணவர்: அண்ணா, எங்கள் வீட்டில் 10 எம்பிபிஎஸ் லைன். பகலில் பிஜிஎம்ஐ ஆட்டத்தில் பிங் 45 இருக்கிறது. ராத்திரி எல்லோரும் வீட்டுக்கு வந்ததும் 300, 400 என்று ஏறுகிறது. அப்பாவிடம் 100 எம்பிபிஎஸ் பிளான் கேட்கட்டுமா?

கொஞ்சம் பொறு தம்பி. இந்த மாதிரி ஆட்டங்கள் ஒரு மணி நேரத்துக்கு இழுப்பது பெரும்பாலும் 40 முதல் 150 எம்பி டேட்டாதான். அரை எம்பிபிஎஸ்கூட ஆகாது. 10 எம்பிபிஎஸ் தாராளமாகப் போதும்.

பிங் ஏறுவதற்குக் காரணம் உன் ரூட்டரில் நிற்கும் வரிசை. கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். உன் அப்லோட் 1 எம்பிபிஎஸ் என்று வைத்துக்கொள். டேட்டா பாக்கெட் என்ற துண்டுகளாகத்தான் போகும். ஒரு முழு பாக்கெட் 1500 பைட், அதாவது 12,000 பிட். அதை வெளியே தள்ள 12 மில்லிசெகண்ட் ஆகும். வீட்டில் ஒருவர் கல்யாண வீடியோவை வாட்ஸ்அப்பில் அனுப்பினால், அந்தப் பெரிய பாக்கெட்டுகள் முப்பது உன் பாக்கெட்டுக்கு முன்னால் நின்றாலே 360 மில்லிசெகண்ட் போய்விடும். நீ சுட்ட குண்டு இன்னும் வீட்டைவிட்டே கிளம்பியிருக்காது. மலிவான ரூட்டர்களில் இந்த வரிசைக்குக் கொடுத்திருக்கும் இடம் ரொம்பப் பெரிது. 256 கேபி நிரம்பினால் அதே லைனில் இரண்டு நொடி தாமதம். இதற்கு பஃபர்புளோட் என்று பெயர்.

இதை நீயே பார்க்கலாம். ஃபாஸ்ட் டாட் காம் தளத்தில் வேகத்தைச் சோதித்துவிட்டு, கூடுதல் விவரத்தைத் திறந்து பார். சும்மா இருக்கும்போது ஒரு லேட்டன்ஸி (தாமதம்), லைன் நிரம்பியிருக்கும்போது ஒரு லேட்டன்ஸி என்று இரண்டு எண் காட்டும். 30, 40 என்று பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் லைன் நன்றாக இருக்கிறது. 30, 350 என்றால் பஃபர்புளோட்தான். 100 எம்பிபிஎஸ் எடுத்தால் வரிசை சீக்கிரம் கரையும், உண்மைதான். ஆனாலும் பெரிய டவுன்லோட் ஒன்று ஓடினால் அங்கேயும் அது வரும். அடுத்த கேள்விக்கான பதிலையும் படித்துவிட்டு அப்புறம் அப்பாவிடம் பேசு.

கோவையிலிருந்து ஒருவர்: சார், சோதித்தேன், லோடு இருக்கும்போது 420. சரி, இதை எப்படிச் சரிசெய்வது?

லைனைவிடக் கொஞ்சம் மெதுவாக உங்கள் ரூட்டரை அனுப்ப வைக்க வேண்டும். கேட்க விநோதமாக இருக்கும், ஆனால் இதுதான் மருந்து. லைன் 10 தருகிறது என்றால் ரூட்டரை 9-இல் நிறுத்துங்கள். அப்போது வரிசை சேவை நிறுவனத்தின் கருவியில் நிற்காமல் உங்கள் கையில் நிற்கும். உங்கள் கையில் இருந்தால் யாரை முன்னால் விடுவது என்று நீங்கள் முடிவு செய்யலாம்.

ரூட்டர் வாங்கும்போது பெட்டியில் 'கேமிங்' என்று போட்டிருக்கிறதா என்று பார்க்காதீர்கள். எஸ்க்யூஎம் (வரிசையை ஒழுங்குபடுத்தும் வசதி) இருக்கிறதா, அல்லது ஓபன்டபிள்யூஆர்டி (ரூட்டருக்கான இலவச மென்பொருள்) போட முடியுமா என்று பாருங்கள். வரிசையைக் குட்டையாக வைக்கும் கோடெல் என்ற வழிமுறையை 2012-இல் கேத்லீன் நிக்கோல்ஸும் வேன் ஜேக்கப்சனும் வெளியிட்டார்கள். அதன் அடுத்த வடிவமான எஃப்க்யூ-கோடெல் ஒவ்வொரு உரையாடலுக்கும் (ஆட்டம், வீடியோ என்று ஒவ்வொன்றுக்கும்) தனி வரிசை கொடுத்து, அவ்வப்போது மட்டும் சின்னப் பாக்கெட் அனுப்புகிறவரை முன்னால் விடும். ஆட்டம் செய்வது அதைத்தான். அதனால் 'இது கேம், இதற்கு முன்னுரிமை கொடு' என்று தனியாகச் சொல்ல வேண்டிய தேவையே இல்லை. அதற்குப் பின் வந்த கேக், 2018 முதல் லினக்ஸோடு சேர்ந்தே வருகிறது.

செய்முறை: லேன் கேபிளில், வேறு யாரும் நெட்டைத் தொடாத நேரத்தில், மூன்று நான்கு தடவை வேகத்தை அளந்துகொள்ளுங்கள். வந்ததில் குறைந்த எண்ணை எடுத்து, டவுன்லோடுக்கு அதில் 85 சதவீதம், அப்லோடுக்கு 90 சதவீதம் என்று எஸ்க்யூஎம்மில் போடுங்கள். க்யூ வகையில் கேக். மறுபடி ஃபாஸ்ட் டாட் காமில் பாருங்கள். நன்றாக வந்தால் எண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள், லேட்டன்ஸி எகிறும் இடத்தில் ஒரு படி இறங்கி நில்லுங்கள்.

பலரும் தவறவிடுவது ஒன்று உண்டு. ஃபைபர் கனெக்‌ஷனோடு வந்த பெட்டியின் வைஃபையை அணைத்துவிட வேண்டும். அது ஓடிக்கொண்டிருந்தால் வீட்டு டிவி அதில் ஒட்டிக்கொண்டு உங்கள் புது ரூட்டரைச் சுற்றிக்கொண்டு போய்விடும். எஸ்க்யூஎம் போட்டும் பயன் இருக்காது.

புது ரூட்டர் வாங்க முடியாதவர்கள், இருக்கிற ரூட்டரில் 'பேண்ட்வித் கன்ட்ரோல்' இருக்கிறதா என்று பாருங்கள். டிவிக்கும் மற்ற போன்களுக்கும் மேல் எல்லை வைத்தால் பாதி பிரச்சினை தீரும். 10, 20 எம்பிபிஎஸ் லைனுக்கு எஸ்க்யூஎம் ஓட்டப் பழைய ரூட்டரே போதும், விலை உயர்ந்தது வேண்டியதில்லை.

வவுனியாவிலிருந்து ஒருவர்: அண்ணை, எங்களுக்கு இன்னும் பழைய செம்புக் கம்பி ஏடிஎஸ்எல்தான். அதற்கும் இது சரிவருமா?

சரிவரும், ஃபைபரைவிட உங்களுக்குத்தான் கூடுதல் பலன். ஏடிஎஸ்எல்லில் அப்லோட் மிகக் குறைவு என்பதால் வரிசை உடனே கட்டிவிடும். எஸ்க்யூஎம்மில் லிங்க் லேயர் என்ற பகுதியில் ஏடிஎம் (டேட்டாவைத் துண்டாக்கி அனுப்பும் முறை) என்று தெரிவுசெய்து, ஓவர்ஹெட் (ஒவ்வொரு பாக்கெட்டோடும் சேரும் கூடுதல் பைட்) 44 என்று போடுங்கள். ஏடிஎஸ்எல் எல்லாவற்றையும் 53 பைட் துண்டுகளாக வெட்டி அனுப்புகிறது, அதில் 48 பைட்தான் உங்கள் சரக்கு. இதைச் சொல்லாவிட்டால் கணக்குப் பிசகும்.

இன்னொன்று, இன்டர்லீவிங். பிழை திருத்துவதற்காக டேட்டாவைக் கலைத்து அனுப்பும் முறை அது, தாமதத்தைக் கூட்டும். உங்கள் லைன் சத்தமில்லாத நல்ல லைன் என்றால், நிறுவனத்திடம் ஃபாஸ்ட் பாத்துக்கு (கலைக்காமல் நேராக அனுப்பும் முறை) மாற்றித் தரக் கேளுங்கள். அடிக்கடி அறுந்து விழும் லைன் என்றால் கேட்க வேண்டாம்.

சென்னையிலிருந்து ஒரு கல்லூரி மாணவி: டிஎன்எஸ்ஸை 1.1.1.1 ஆக மாற்று, ரெஜிஸ்ட்ரியில் டிசிபி மாற்று, விண்டோஸ் பிடித்து வைத்திருக்கும் 20 சதவீத வேகத்தை விடுவி என்று வீடியோக்கள் சொல்கின்றன. எல்லாம் செய்துவிட்டேன். பிங் அப்படியே இருக்கிறது.

அப்படியேதான் இருக்கும். டிஎன்எஸ் பெயரை முகவரியாக மாற்றிக் கொடுப்பதோடு சரி. ஆட்டம் தொடங்கிய பிறகு அதற்கு வேலை இல்லை. ரெஜிஸ்ட்ரியில் சொல்லும் மாற்றங்கள் டிசிபி என்ற அனுப்பும் முறைக்கானவை. வேலரன்ட், சிஎஸ் 2 போன்ற ஆட்டங்கள் ஓடுவது யுடிபி என்ற வேறு முறையில். அந்த 20 சதவீதக் கதையை மைக்ரோசாஃப்டே மறுத்திருக்கிறது: ஏதாவது மென்பொருள் கேட்டால் மட்டுமே ஒதுக்கும், மற்ற நேரம் முழு வேகமும் உங்களுக்குத்தான்.

விண்டோஸில் மாற்ற வேண்டியது வேறு. செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட், அதில் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், அதில் டெலிவரி ஆப்டிமைசேஷன். மற்ற கம்ப்யூட்டர்களோடு பகிர்வதை அணையுங்கள். ஒன்டிரைவ், கூகுள் டிரைவ் இரண்டையும் ஆடும் நேரம் நிறுத்தி வையுங்கள். ஸ்டீமில் டவுன்லோட் வேகத்துக்கு எல்லை வையுங்கள்.

திருநெல்வேலியிலிருந்து ஒருவர்: பக்கத்து அறையில் ரூட்டர். பிங் 30, 30, 30 என்று போய்த் திடீரென 180. மறுபடி 30.

இது வைஃபை வேலை மாதிரி தெரிகிறது. கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து உங்கள் ரூட்டரின் முகவரிக்கே (பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1) விடாமல் பிங் ஓட விடுங்கள். அங்கேயே 100, 200 என்று துள்ளினால் வெளி லைனைக் குறை சொல்லிப் பயனில்லை.

லேன் கேபிள்தான் முழுத் தீர்வு. சாதாரண கேட் 5இ கேபிள் 100 மீட்டர் வரை தாங்கும், வீட்டுக்குள் ஓட்ட அது ஏராளம். கேபிள் இழுக்க முடியாவிட்டால் 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறுங்கள். ஒரு சுவர் தாண்டலாம், இரண்டு சுவர் என்றால் திணறும். 2.4-இல் தான் இருந்தாக வேண்டும் என்றால் சேனல் 1, 6, 11 இவற்றில் காலியாக உள்ளதைப் பிடித்து, அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸில் வையுங்கள். புளூடூத் ஹெட்செட்டும் மைக்ரோவேவ் அடுப்பும் அதே அலைவரிசையில்தான் இருக்கின்றன.

தஞ்சாவூர் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து: ஃபைபர் வரவில்லை. போன் ஹாட்ஸ்பாட்டில் லேப்டாப்பில் ஆடுகிறேன்.

யூஎஸ்பி டெதரிங்குக்கு மாறுங்கள், வைஃபை ஒரு கட்டம் குறையும். போனை ஜன்னலோரம் வைத்து, அங்கிருந்து யூஎஸ்பி கேபிள் இழுங்கள். 5ஜி சிக்னல் வந்து வந்து போகும் இடமென்றால் போனை 4ஜியில் மட்டும் நிற்க வையுங்கள். மாறும் ஒவ்வொரு முறையும் ஆட்டம் உறையும். டவர் நெரிசலுக்கு எந்த செட்டிங்ஸும் உதவாது, இரவு 8 முதல் 11 வரை ரேங்க் ஆட்டம் ஆடாமல் இருப்பதே நல்லது. டவர் தரும் வேகம் நிமிடத்துக்கு நிமிடம் மாறுவதால் எஸ்க்யூஎம் எண்ணையும் மிகக் குறைத்துத்தான் வைக்க வேண்டியிருக்கும்.

மதுரையிலிருந்து ஒருவர்: சிங்கப்பூர் சர்வருக்கு 180 பிங். பிங் குறைக்கும் விபிஎன் ஆப் வாங்கலாமா?

ஃபைபரில் ஒளி 1000 கிலோமீட்டர் போய்த் திரும்ப 10 மில்லிசெகண்ட் ஆகும். சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு 2002 முதல் ஓடும் ஐ2ஐ கடலடிக் கேபிள் சுமார் 3,200 கிலோமீட்டர். ஆக 32-க்குக் கீழே எவராலும் இறக்க முடியாது. வழியில் உள்ள கருவிகளையும் சேர்த்து 50, 60 வந்தால் நியாயம். உங்களுக்கு 180 என்றால் பாக்கெட் எங்கோ சுற்றிப் போகிறது. பாக்கெட் போகும் வழியைக் காட்டும் டிரேஸ்ரூட் கட்டளையை ஓட்டிப் பாருங்கள். பாக்கெட்டை வேறு வழியில் அனுப்பும் விபிஎன் இந்த மாதிரி நேரத்தில் மட்டும் பலன் தரலாம், இலவசச் சோதனைக் காலத்தில் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். அதற்கு முன்னால் ஆட்டத்தில் மும்பை சர்வர் இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். வேலரன்ட்டுக்கு மும்பையில் சர்வர் உண்டு. சிஎஸ் 2-இல் ஏற்றுக்கொள்ளும் அதிகபட்ச பிங்கை செட்டிங்ஸிலேயே குறைத்து வைக்கலாம்.

சேலம்: நண்பனோடு சேர முடியவில்லை, 'நேட் ஸ்ட்ரிக்ட்' என்கிறது. போர்ட் ஃபார்வர்டிங்கும் செய்துவிட்டேன்.

ரூட்டரின் ஸ்டேட்டஸ் பக்கத்தில் வேன் (WAN) முகவரியை, அதாவது நிறுவனம் ரூட்டருக்குக் கொடுத்த முகவரியைப் பாருங்கள். 100.64-இலிருந்து 100.127 வரை எதிலாவது தொடங்கினால் நீங்கள் சிஜிநேட்டுக்குப் பின்னால் இருக்கிறீர்கள். ஒரே வெளி முகவரியைப் பல வீடுகள் பகிர்ந்துகொள்கின்றன. அதனால் உங்கள் ரூட்டரில் மட்டும் போர்ட் ஃபார்வர்டிங் செய்து கதவு திறந்து பயனில்லை. ஐபிவி6-ஐ (புது வகை முகவரி முறை) இயக்கிப் பாருங்கள், இல்லையென்றால் நிறுவனத்திடம் பொது ஐபி கேளுங்கள்.

ஈரோடு: பிங் 35தான், ஆனால் ஆள் முன்னால் போய்ப் பின்னால் இழுக்கப்படுகிறான்.

பாக்கெட் தொலைகிறது. ஃபைபர் பெட்டியின் ஸ்டேட்டஸ் பக்கத்தில் 'ஆர்எக்ஸ் பவர்' (வந்து சேரும் ஒளியின் வலிமை) என்று ஒரு எண் இருக்கும். அது மைனஸ் 8-க்கும் மைனஸ் 27 டிபிஎம்முக்கும் நடுவில் இருக்க வேண்டும். மைனஸ் 26, 27 என்று விளிம்பில் நின்றால் லைன்மேனைக் கூப்பிடுங்கள். அதற்கு முன் பெட்டிக்கு வரும் மஞ்சள் ஃபைபர் ஒயரை ஒரு முறை தடவிப் பாருங்கள். ஜன்னல் சட்டத்தில் நசுங்கியோ, பீரோவுக்குப் பின்னால் கூர்மையாக மடங்கியோ கிடக்கும். விரலால் அகலமாக வளைத்து விட்டாலே பல வீடுகளில் எண் மேலே வந்துவிடுகிறது.

திருச்சியிலிருந்து ஓர் அம்மா: என் மகன் ஆடும்போது வீட்டில் யாரும் நெட்டைத் தொடக்கூடாது என்கிறான். அது உண்மையா?

அவன் சொல்வது பொய் இல்லை அக்கா, உங்கள் லைனில் இப்போது அப்படித்தான் நடக்கிறது. ஆனால் அதற்காக நீங்கள் சீரியலை நிறுத்த வேண்டியதில்லை. மேலே சொன்ன எஸ்க்யூஎம்மை அவனே ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து போடட்டும். அதுவரை, உங்கள் போனில் கூகுள் போட்டோஸைத் திறந்து, பேக்கப்பை அவன் ஆடும் நேரத்துக்கு நிறுத்தி வையுங்கள். படங்கள் மேலேறுவதுதான் அவன் பிங்கை அதிகம் கெடுக்கும். டிவியில் யூடியூப் தரத்தை 480-க்குக் குறைத்தால் 10 எம்பிபிஎஸ்ஸில் இருவருக்கும் இடம் இருக்கும்.