பழைய ரிவியை இரும்புக்காரருக்குக் கொடுக்கலாமா?

கேள்வி: மகனிடம் கனடா போகப்போகிறோம். கொக்குவில் வீட்டில் பெரிய பழைய ரிவி, ஓடாத பிறிட்ஜ், இன்வேட்டர் பற்றரி, இரண்டு கைத்தொலைபேசி கிடக்கின்றன. தெருவால் வரும் இரும்புக்காரர் எல்லாவற்றையும் எடுப்பதாகச் சொல்கிறார். கொடுக்கலாமா?

பதில்: ரிவியைக் கொடுக்கவே வேண்டாம். அவருக்குத் தேவை அதன் கண்ணாடிப் படக்குழாயின் கழுத்தில் சுற்றியிருக்கும் செம்புக்கம்பி. அதைக் கழற்றக் குழாயை உடைப்பார்கள். மிச்சக் கண்ணாடி யாரோ ஒருவரின் வெறும் வளவுக்குப் போகும். அந்தக் கண்ணாடியில் ஈயம் கிலோக் கணக்கில் இருக்கிறது. எங்கள் நிலத்தடியில் சுண்ணாம்புக்கல். மேலே கொட்டியது மழையோடு இறங்கிக் கிணற்றுக்கு வந்துவிடும். சுன்னாகத்தில் கிணறுகளில் எண்ணெய் மிதந்ததைப் பார்த்த பிறகுமா இதை விளக்கவேண்டும்? வயரை உரிக்கப் பஞ்சிப்பட்டு எரிப்பவர்களும் உண்டு. அந்தப் புகை பிள்ளைகளின் நெஞ்சுக்குள்தான் போகிறது. பிறிட்ஜும் இதே கதைதான்: கொம்பிறசரை வெட்டியதும் உள்ளே இருக்கும் குளிரூட்டும் வாயு முழுக்க வெளியேறிவிடும்.

பற்றரி மட்டும் வேறு. புதியது வாங்கும் கடையிலேயே பழையதை எடுத்து விலையில் கழிப்பார்கள். நீங்கள் புதிதாக வாங்கப்போவதில்லை; பரவாயில்லை, பற்றரிக் கடையில் கேளுங்கள், ஈயத்துக்கு விலை இருப்பதால் பெரும்பாலும் எடுப்பார்கள். ஆனால் "அசிட்டை ஊற்றிப்போட்டுத் தாங்கோ" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். அந்த அசிட்டில் ஈயமும் கரைந்திருக்கும். மூடியைத் திறக்காமல், சரிக்காமல், நிமிர்த்தி வைத்தபடியே கொண்டுபோங்கள்.

மற்றவற்றை மத்திய சுற்றாடல் அதிகார சபையின் உரிமம் பெற்ற நிறுவனத்திடம்தான் கொடுக்கவேண்டும். "கொழும்புக் கொம்பனி" என்று லொறியில் வருபவரை நம்பாதீர்கள்; உரிமத்தைக் கையில் வாங்கித் திகதியைப் பாருங்கள், பற்றுச்சீட்டும் கேளுங்கள். மின்னணுக் கழிவுக்கு உரிமம் வேண்டும் என்று வர்த்தமானி வந்தது 2008இல். இன்றைக்கும் யாழ்ப்பாணத்தில் ஒரு குடும்பம் ஒரு ரிவியை எங்கே கொடுப்பது என்று கேட்டால், ஒரு அலுவலகம் இன்னொன்றைக் கை காட்டுகிறது. உரிமக்காரர்களில் அநேகர் கொழும்புப் பக்கம். ஒரு ரிவிக்காக அவர்கள் வரமாட்டார்கள். அயலட்டையைச் சேர்த்து ஒரு லொறிக்கு ஆக்குங்கள். சேகரிப்பு நாள் எப்போது என்று பிரதேச சபையில் எழுத்தில் கேளுங்கள். வாய்ப்பேச்சுக்குப் பதில் வராது.

அதுவரை ரிவியை மழை படாமல், குழாய் உடையாமல் வையுங்கள். தொலைபேசிகளில் சிம்மை எடுத்து, படங்களையும் வங்கி விபரங்களையும் அழியுங்கள். தொலைபேசியின் பற்றரி வீங்கியிருந்தால் குத்தவோ சார்ஜ் போடவோ கூடாது. மணல் நிரப்பிய தகர டப்பாவில் வைத்து, கொடுக்கும்போது சொல்லிக் கொடுங்கள்.