பாட்டும் எடைக்கல்லும்: ஆராதனை குறித்த கேள்வி பதில்

ஆராதனையைப் பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றை எடுத்துக்கொண்டேன். ஒரே மாதிரிக் கேட்டவர்களைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: பிரதர், பாடும்போது மற்றவர்கள் கண்ணீர் விடுகிறார்கள். எனக்கு உதடு மட்டும்தான் அசைகிறது. இது மாய்மாலமா?

பதில்: இல்லை சகோதரி. உள்ளே இல்லாததை இருப்பதுபோல் காட்டுவதுதான் மாய்மாலம். நீங்கள் வறட்சியை வறட்சி என்றே சொல்கிறீர்கள். 42ஆம் சங்கீதக்காரனும் "என் ஆத்துமாவே, நீ ஏன் கலங்குகிறாய்" என்று தன்னையே கேட்டுக்கொண்டுதான் பாடுகிறான். அழுகை வராவிட்டால் விடுங்கள், பாட்டின் வரிகளை மெதுவாக ஜெபமாகச் சொல்லிப் பாருங்கள். சரியாகத் தூங்குகிறீர்களா என்றும் கவனியுங்கள். சோர்ந்துபோன எலியா தீர்க்கதரிசிக்கு முதலில் கிடைத்தது பிரசங்கம் அல்ல; தூக்கமும் சுட்ட அடையும்தான்.

கேள்வி: எங்கள் சபையில் ஒருவர் கைகளை உயர்த்தி உருகி ஆராதிப்பார். தன்னிடம் வேலை பார்ப்பவர்களின் சம்பளத்தை மட்டும் மாதக்கணக்கில் இழுத்தடிப்பார். அவருடைய ஆராதனையைத் தேவன் ஏற்பாரா?

பதில்: அவரை நியாயந்தீர்ப்பது நம் வேலை இல்லை. ஆனால் இந்த விஷயத்தில் வேதம் மழுப்புவதே இல்லை. கி.மு. 8ஆம் நூற்றாண்டில் ஆமோஸ் தீர்க்கதரிசி மூலமாக, "உன் பாட்டுகளின் இரைச்சலை என்னைவிட்டு அகற்று" என்கிறார் கர்த்தர். பாட்டில் சுருதி பிசகியதாலா? 8ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். ஓய்வுநாள் எப்போது முடியும், எப்போது கோதுமைக் கடையைத் திறக்கலாம் என்று காத்திருக்கிறார்கள். திறந்ததும் தானியம் அளக்கும் மரக்கால் சிறிதாகிறது, வாங்கும் வெள்ளியை நிறுக்கும் எடைக்கல் பெரிதாகிறது. தராசும் கள்ளத் தராசு. உடம்பு ஆராதனையில் இருக்கிறது, மனசு கல்லாவில் இருக்கிறது.

கூலி விஷயத்தை யாக்கோபு 5:4 நேராகவே தொடுகிறது. பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது, அந்தக் குரல் சேனைகளுடைய கர்த்தரின் செவியில் விழுகிறது என்கிறார். பாட்டு போய்ச் சேர வேண்டியதும் அதே செவிக்குத்தான். அவரோடு பழகுகிறவர் நீங்கள் என்றால், சபையில் பேசாமல் தனியாகப் போய்ச் சொல்லுங்கள்.

கேள்வி: அப்படியானால் ஏழைகளுக்கு உதவுவதே போதுமே, ஞாயிறு ஆராதனை எதற்கு?

பதில்: ஆமோஸை வாசித்தவர்களுக்கு அடுத்து வருகிற கேள்வி இது! கி.பி. 155 வாக்கில் ஜஸ்டின் என்ற விசுவாசி, கிறிஸ்தவர்கள் ஞாயிறன்று கூடி என்ன செய்கிறார்கள் என்று ரோமப் பேரரசருக்கு விளக்கி எழுதினார். வேத வாசிப்பு, போதனை, எழுந்து நின்று ஜெபம், பிறகு அப்பமும் ரசமும் பகிரும் திருவிருந்து. வர முடியாதவர்களுக்கு அப்பம் வீடு தேடிப் போனது. அங்கேயே சேர்ந்த காணிக்கை அநாதைகள், விதவைகள், நோயாளிகள், சிறையில் இருப்பவர்கள், அந்நியர்கள் ஆகியோருக்குப் போனது. ஒரே கூடுகையில் இரண்டும் நடந்தன. பிரித்துவைத்தது நாம்தான்.

கேள்வி: சபைச் சமையலறையிலேயே என் ஞாயிறு முடிந்துவிடுகிறது. நான் மார்த்தாளா?

பதில்: சகோதரி மரியாள் உட்கார்ந்து வசனம் கேட்க, மார்த்தாள் வீட்டுக்கு வந்த இயேசுவுக்காகச் சமைத்தாள். அதை அவர் குறை சொல்லவில்லை அம்மா. கவலைப்பட்டுக் கலங்கியதைத்தான் சொன்னார். நீங்கள் செய்வது ஆராதனைதான். ஆனாலும் உட்கார்ந்து வசனம் கேட்கும் பங்கு உங்களுக்கும் வேண்டும். முறை வைத்துச் செய்யும்படி மூப்பரிடம் கேளுங்கள். பந்தியில் உட்கார்ந்தே பழகியவர்கள் ஒரு வாரம் பாத்திரம் கழுவட்டும்.

கேள்வி: உதவி கொடுக்கும்போது போட்டோ எடுக்கலாமா?

பதில்: வாங்குகிறவரின் முகம் வேண்டாம். கணக்குக் காட்ட ரசீது போதும்.

கேள்வி: சொத்துத் தகராறில் அண்ணனோடு பேச்சு இல்லை. திருவிருந்து எடுக்கலாமா?

பதில்: மத்தேயு 5:23-24ஐ நிதானமாக வாசியுங்கள் தம்பி. உங்களுக்கு அவர்மேல் மனத்தாங்கல் இருந்தால் என்று அங்கே இல்லை. அவருக்கு உங்கள்பேரில் குறை உண்டென்று நினைவு வந்தால் என்றிருக்கிறது. இதை இயேசு சொன்ன இடம் கலிலேயா, பலிபீடம் இருந்தது எருசலேமில். காணிக்கையை அங்கே வைத்துவிட்டு ஊருக்குப் போய் ஒப்புரவாகித் திரும்புவது என்றால் பல நாள் நடை. அதற்குப் பிறகு செலுத்து என்கிறார்.

உங்களுக்கு ஒரு போன்தான். முதல் அழைப்பிலேயே பத்திரம், பங்கு என்று ஆரம்பிக்காதீர்கள், உடம்பு எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். அவர் வெட்டிவிட்டால், ரோமர் 12:18 "கூடுமானால் உங்களாலானமட்டும்" என்றுதான் சொல்கிறது. அவர் பங்கையும் நீங்களே செய்துவிட முடியாது. போதகரிடம் நடந்ததைச் சொல்லிவிட்டுப் பந்தியில் கலந்துகொள்ளுங்கள். சில வாரம் கழித்து மறுபடியும் கூப்பிடுங்கள்.